அழுக்குப் பணம் வாசலில் வந்து நிற்கும்போது



"சட்டவிரோதப் பணப்பரிமாற்றம்" என்னும் சொல்லை நாம் நாளிதழ்களில் அடிக்கடி வாசிக்கிறோம். அமலாக்கத் துறையின் சோதனை, கோடிக்கணக்கான சொத்து முடக்கம், பிரமுகர் கைது என்று செய்தி வருகிறது. வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் தொகையும் போக மீதியை எண்ணிப் பார்க்கிற நமக்கு இந்தக் கோடிகளோடு என்ன சம்பந்தம் என்று எண்ணுகிறோம்.

சம்பந்தம் உண்டு. எப்படியென்றால், குற்றத்தினால் பணம் சம்பாதிக்கிறவன் அதைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. அவனுக்கு வேறொருவருடைய பெயர் வேண்டும். வேறொருவருடைய வங்கிக் கணக்கு வேண்டும். வேறொருவருடைய கையெழுத்து வேண்டும். அதை அவன் எங்கே தேடுகிறான்? பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் வந்து, முதல் வேலைக்காகக் காத்திருக்கிற வாலிபனிடம் தேடுகிறான். கடன் தவணை கட்ட வழியில்லாமல் கலங்கி நிற்கிற குடும்பத் தலைவனிடம் தேடுகிறான். வீட்டு வேலை செய்து சேமித்து, அண்மையில்தான் முதல் வங்கிக் கணக்கைத் தொடங்கிய சகோதரியிடம் தேடுகிறான். ஆகையால் இந்தக் குற்றம் எவ்விதமாய் நடக்கிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதை நம்முடைய குடும்பங்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

பணத்துக்கு ஏன் சலவை?

துணியில் கறை பட்டால் வெளுக்கப் போடுகிறோம். குற்றத்தினால் வந்த பணத்திலும் கறை உண்டு. போதைப்பொருள் விற்றவன், லஞ்சம் வாங்கியவன், பிறரை ஏமாற்றிப் பறித்தவன் ஆகியோரின் கையில் பணம் இருக்கும், ஆனால் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் சொல்ல நேர்மையான பதில் இராது. அந்தப் பதிலைப் பொய்யாகத் தயாரித்துக் கொடுப்பதே பணச் சலவை.

அமெரிக்காவின் சிகாகோ நகரை நடுங்கவைத்த அல் கபோன் என்னும் கொள்ளைக் கூட்டத் தலைவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன்மேல் சுமத்தப்பட்ட கொலைப் பழிகள் பல. ஆயினும் 1931இல் அவனுக்கு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது வருமான வரி ஏய்ப்புக் குற்றத்துக்காகவே. சாட்சிகளை மிரட்டி வாயடைக்கச் செய்ய அவனால் முடிந்தது. கணக்குப் புத்தகத்தின் வாயை அடைக்க முடியவில்லை. குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமானால் பணத்தின் காலடித் தடத்தைப் பின்தொடர வேண்டும் என்ற பாடத்தை உலகத்துக் காவல்துறைகளெல்லாம் இத்தகைய வழக்குகளிலிருந்து கற்றுக்கொண்டன. அந்தத் தடத்தை அழிப்பதற்குக் குற்றவாளிகளும் நூதனமான வழிகளைக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்று படிகள்

இந்தச் சலவை பொதுவாக மூன்று படிகளில் நடக்கிறது என்று நிபுணர்கள் விளக்குகிறார்கள்.

முதற்படி, பணத்தை வங்கிக்குள் நுழைப்பது. பெருந்தொகையை ஒரே நாளில் கட்டினால் கேள்வி எழும். ஆகவே அதைச் சிறுசிறு தொகைகளாகப் பிரித்து, பல பேருடைய கணக்குகளில், பல கிளைகளில் கட்டுவார்கள். மெக்சிகோ நாட்டுப் போதைப்பொருள் கும்பல்கள் எச்.எஸ்.பி.சி. வங்கிக் கிளைகளில் பணம் கட்டியபோது, காசாளரின் சன்னலுக்குள் சரியாக நுழையும் அளவில் பெட்டிகளைச் செய்துகொண்டு வந்தார்கள் என்று அமெரிக்க அரசு வெளிப்படுத்தியது. குறைந்தது 88.1 கோடி டாலர் போதைப்பொருள் பணம் அவ்வங்கியின் வழியாய்ச் சென்றது. இதற்காக 2012 டிசம்பரில் அந்த வங்கி ஏறத்தாழ 190 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. பெட்டியின் அளவைக் கண்டும் கேள்வி கேட்க ஒருவரும் இல்லாமற்போனதே அங்கு நேர்ந்த கேடு.

இரண்டாம் படி, பணத்தை அலைக்கழிப்பது. ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு, அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கு, பின்பு வெளிநாட்டுக்கு என்று பணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு காகிதம் தயாராக இருக்கும். பெயருக்கு மாத்திரம் இருக்கிற போலிக் கம்பெனிகள் இங்கேதான் பயன்படுகின்றன.

மூன்றாம் படி, வெளுத்த பணம் வீடு திரும்புவது. அது இப்போது நிலமாக, அடுக்குமாடிக் குடியிருப்பாக, உணவு விடுதியாக, நகைக்கடையாக, திருப்பித் தரவேண்டிய "கடனாக" உருமாறி, மரியாதையான முகத்தோடு உலாவரும்.

இரண்டாம் படிக்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கைக் காட்டலாம். தில்லி அசோக் விகாரிலுள்ள பாங்க் ஆஃப் பரோடா கிளையில் 59 நடப்புக் கணக்குகளின் வழியாகச் சுமார் 6,000 கோடி ரூபாய் வெளிநாடுகளுக்கு, பெரும்பாலும் ஹாங்காங்குக்கு, அனுப்பப்பட்டதாக 2015 அக்டோபரில் வழக்கு வெடித்தது. முந்திரி, பருப்பு, அரிசி ஆகியவற்றை இறக்குமதி செய்ய முன்பணம் என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. பொருள்கள் வந்து சேரவில்லை என்பதும், கேள்வி எழாதபடி ஒவ்வொரு தொகையும் 1 இலட்சம் டாலருக்குக் கீழே வைக்கப்பட்டது என்பதும் குற்றச்சாட்டு. சற்றே சிந்தியுங்கள். அரிசி விளையும் நாடாகிய நம் நாட்டுக்கு, ஹாங்காங்கிலிருந்து அரிசி வாங்க ஏன் இத்தனை முன்பணம்? இந்த எளிய கேள்வியைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கணக்கில் எழுதியிருக்கும் காரணமும் உலக நடப்பும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிற கண் இருந்தால் போதும்.

கோவேறு கழுதையாகும் கணக்கு

இக்காலத்தில் இணையவழி மோசடிகள் பெருகியபின், சலவைக்காரர்களுக்கு மிகவும் தேவைப்படுவது சாதாரண மனிதருடைய சேமிப்புக் கணக்கு. இத்தகைய கணக்கை வங்கியாளர்கள் "மியூல் அக்கவுண்ட்" என்கிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. தன் முதுகில் இருக்கும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுமந்து செல்கிற பிராணி அது. வாடகைக்கு விடப்பட்ட கணக்கும் அவ்வாறே.

2025 ஜூன் மாதம் மத்தியப் புலனாய்வுத் துறை ஐந்து மாநிலங்களில் 42 இடங்களில் சோதனை நடத்தியது. நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் 8.5 இலட்சம் இத்தகைய கணக்குகள் திறக்கப்பட்டிருந்ததாக அது அப்போது அறிவித்தது. ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் ஓர் ஆதார் அட்டையும் ஒரு முகமும் உண்டு என்பதை மறந்துவிடாதிருங்கள்.

கண்ணி எப்படி வைக்கப்படுகிறது? ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்ப்போம். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமான ஒரு வாலிபன் ஒரே அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கிறான். அறிமுகமான ஒருவர் தேநீர்க்கடையில் பேச்சுக் கொடுக்கிறார். "தம்பி, என் தொழிலுக்கு வரி விஷயமாக ஒரு கணக்கு தேவைப்படுகிறது. உன் பெயரில் திறந்து தா. மாதந்தோறும் உனக்கு ஒரு தொகை தருகிறேன். உனக்கு வேலையும் இல்லை, நட்டமும் இல்லை" என்கிறார். கணக்கு திறக்கப்படுகிறது. பாஸ்புத்தகம், காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, வங்கியோடு இணைக்கப்பட்ட சிம் கார்டு ஆகிய நான்கும் அவர் கைக்குப் போகின்றன. முதல் மாதம் சொன்னபடி பணம் வருகிறது. இரண்டாம் மாதமும் வருகிறது. மூன்றாம் மாதம் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. காவல்துறையின் அறிவிப்பு வருகிறது. எங்கோ ஒரு முதியவர் ஆயுட்காலச் சேமிப்பை இழந்து அழுதுகொண்டிருக்கிறார். அந்தப் பணம் வந்து இறங்கிய முதல் இடம் இந்த வாலிபனுடைய கணக்கு. உண்மையான திருடனுடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இவனுடைய பெயரோ எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது.

வேறு உருவங்களிலும் இந்தக் கண்ணி வருவதுண்டு. "வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, உங்கள் கணக்கில் வரும் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பினால் கமிஷன்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செய்தி வரும். "கம்பெனியில் உங்களை டைரக்டராகப் போடுகிறோம், கையெழுத்து மாத்திரம் போதும்" என்று கௌரவம் காட்டி அழைப்பார்கள். 2017இல் மத்திய அரசு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட செயலற்ற கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியபோது, சுமார் 3 இலட்சம் டைரக்டர்கள் தகுதியிழந்தார்கள். தொழில் தெரியாதவனைத் தேடிவந்து ஒருவர் டைரக்டராக்குகிறார் என்றால், அவருக்கு வேண்டியது அவனுடைய திறமையல்ல, அவனுடைய பெயர்.

உண்டியல் வழி

வளைகுடா நாடுகளில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு "உண்டியல்" புதிய சொல் அல்ல. வடநாட்டில் அதை ஹவாலா என்பார்கள். துபாயில் ஒருவரிடம் பணம் கொடுத்தால், இங்கே மற்றொருவர் வீட்டு வாசலில் ரொக்கமாகக் கொண்டுவந்து தருவார். அடையாளத்துக்கு ஒரு ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைச் சொன்னால் போதும். எல்லை கடந்து பணம் போவதில்லை. இரண்டு முகவர்களின் கணக்கில் வரவும் பற்றும் மாத்திரம் மாறும். வங்கியைவிட விரைவு, விகிதமும் சற்று அதிகம் என்பதால் பலர் மயங்குகிறார்கள்.

ஆனால் நம் வீட்டு வாசலில் தரப்பட்ட அந்த ரொக்கம் யாருடையது? இங்கே வரி ஏய்த்தவனுடையதாக இருக்கலாம், கடத்தல்காரனுடையதாகவும் இருக்கலாம். அவனுக்குத் தன் கறுப்புப் பணத்தை வெளிநாட்டுக்கு மாற்ற வேண்டும். நம் சகோதரனுடைய நேர்மையான உழைப்பின் பணம் அவனுக்கு அங்கே கிடைத்துவிடுகிறது. வெயிலில் நின்று சம்பாதித்த நல்ல பணத்தைக் கொடுத்து, கறைபட்ட பணத்தை வாங்கிக்கொள்கிறோம். 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி இது சட்டமீறல். சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க இடமுண்டு. பின்னாளில் அந்தப் பணத்தில் மனை வாங்கும்போது, அது எப்படி வந்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இராது.

சட்டம் சொல்வது என்ன?

சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. குற்றத்தின் வருவாயை மறைப்பது, வைத்திருப்பது, பெறுவது, பயன்படுத்துவது, நல்ல பணமென்று காட்டுவது ஆகிய யாவும் இதன் 3ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். இதில் நேரடியாக ஈடுபட்டவர் மாத்திரமல்ல, தெரிந்தே உதவியவரும் குற்றவாளியே. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டுவரை கடுங்காவல். போதைப்பொருள் தொடர்பான வழக்கானால் 10 ஆண்டுவரை நீளலாம். விசாரணை நடக்கும்போதே 180 நாள்வரை சொத்தைத் தற்காலிகமாக முடக்க அமலாக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் தப்பிவிடலாமே என்று சிலர் எண்ணலாம். உண்மையிலேயே அறியாதவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆயினும் குற்றத்தின் பணத்தோடு ஒருவருக்குள்ள தொடர்புக்கு அடிப்படை காட்டப்பட்டுவிட்டால், அது சலவைப் பணமல்ல என்று மெய்ப்பிக்கிற பொறுப்பு 24ஆம் பிரிவின்படி அவர்மேல் விழுகிறது. பிணை கிடைப்பதும் எளிதல்ல. பிணைக்கான கடுமையான நிபந்தனைகளை 2017இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022 ஜூலை 27 அன்று வெளிவந்த விஜய் மதன்லால் சவுத்ரி வழக்குத் தீர்ப்பில் அந்த நிபந்தனைகளை அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்காகக் கணக்கை வாடகைக்கு விட்டவர், வழக்கறிஞருக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தே பல ஆண்டுகளைக் கழிக்க நேரிடும்.

வங்கி எப்படிக் கண்டுகொள்கிறது?

நாம் கட்டும் பணத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணுவது தவறு. 2004 நவம்பரில் அமைக்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு நாட்டின் வங்கிகள் எல்லாம் அறிக்கை அனுப்புகின்றன. 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றங்களும், ஒரே மாதத்தில் பிரித்துப் பிரித்துச் செய்யப்பட்டு ஒன்றோடொன்று தொடர்புடையதாய்ச் சேர்ந்து அந்தத் தொகையைத் தாண்டுகிறவையும் மாதந்தோறும் அங்கே போய்ச் சேருகின்றன. சந்தேகத்துக்குரிய பரிமாற்றமானால் தொகை எவ்வளவு சிறியதாயினும் தனி அறிக்கை போகும். அப்படி அறிக்கை அனுப்பியதை வங்கி நம்மிடம் சொல்லக்கூடாது என்பதும் விதி. 2023இல் கிரிப்டோ வணிகம் செய்வோரும், வாடிக்கையாளருக்காகச் சில நிதிப் பரிமாற்றங்களைச் செய்துதரும் பட்டயக் கணக்காளர்களும் இந்தச் சட்டத்தின் வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

கோவேறு கழுதைக் கணக்கு தன்னையே காட்டிக்கொடுக்கும். சாதாரணமாக நம் கணக்கில் சம்பளம் வரும். வாடகை, மின்கட்டணம், மளிகை என்று மெல்ல மெல்லக் குறையும். அந்தக் கணக்கிலோ, முன்பின் அறியாத பல மாநிலத்தவரிடமிருந்து பணம் வந்து, சில நிமிடங்களிலேயே முழுவதுமாக வெளியேறிவிடும். இருப்பு எப்போதும் ஏறக்குறைய பூச்சியமாக நிற்கும். மாதக்கணக்கில் தூங்கிக்கிடந்த கணக்கு திடீரென்று இரவும் பகலும் ஓடும். இத்தகைய நடத்தையை இயந்திரமே கண்டுபிடிக்கும்படி, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய "மியூல் ஹண்டர்" என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

இயந்திரத்தினும் மேலானது கேள்வி கேட்கத் துணிந்த மனிதன். டென்மார்க் நாட்டு டான்ஸ்கே வங்கிக்கு எஸ்தோனியாவில் ஒரு சிறிய கிளை இருந்தது. 2007 முதல் 2015 வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 20,000 கோடி யூரோ அதன் வழியாய்ப் பாய்ந்தது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று பின்னர் வங்கியே ஒப்புக்கொண்டது. அங்கே பணியாற்றிய ஹோவர்ட் வில்கின்சன் ஒரு வாடிக்கையாளர் கம்பெனியைப் பற்றிப் பிரிட்டனின் கம்பெனிப் பதிவேட்டில் தேடிப் பார்த்தார். "எங்களுக்கு வணிக நடவடிக்கையே இல்லை" என்று அந்தக் கம்பெனி அரசிடம் எழுதிக் கொடுத்திருந்தது. வங்கியிலோ அதன் பெயரில் இலட்சக்கணக்கில் பணம் ஓடிக்கொண்டிருந்தது! 2013 டிசம்பரில் அவர் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அவர்கள் அதற்கேற்ற நடவடிக்கை எடுக்கவில்லை; அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டு விலகினார். 2018இல் உண்மை வெளிவந்து வங்கியின் தலைமை அதிகாரி பதவி இழந்தார். 2022 டிசம்பரில் அந்த வங்கி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. ஒரு மனிதர் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் தொடங்கிய காரியம் இது.

அலுவலகங்களிலும் கடைகளிலும் கணக்கெழுதும் நம் சகோதர சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் ஒரு கம்பெனியின் முகவரியையும் டைரக்டர்களின் பெயரையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1. செய்யும் வேலைக்கும் கிடைக்கும் கூலிக்கும் பொருத்தம் இல்லாமை. பணத்தை வாங்கி மாற்றிவிடுவதற்கே கமிஷன் என்றால், கூலி உழைப்புக்காக அல்ல, பழியைச் சுமப்பதற்காகவே தரப்படுகிறது.

2. ஏ.டி.எம். அட்டை, சிம் கார்டு, ஓ.டி.பி. ஆகியவற்றை ஒப்படைக்கக் கேட்பது. நண்பர், உறவினர், முதலாளி, யாராயினும் இதற்கு இடங்கொடாதிருங்கள்.

3. வங்கியில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. உண்மைக்குப் பாடம் தேவையில்லை.

4. தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டச் சொல்வது. அதுவும் வெவ்வேறு பெயர்களில் கட்டச் சொல்வது.

5. சரக்கு நடமாட்டமே இல்லாத பில்கள். சந்தை விலைக்குப் பலமடங்கு கூடவோ குறையவோ எழுதப்பட்ட விலை. பெயர்ப்பலகைகூட இல்லாத முகவரி.

6. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்தை நம் பெயரில் எழுதிவைக்க முன்வருவது. 2016 நவம்பரில் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தின்படி, பெயர் கொடுத்தவருக்கும் 1 முதல் 7 ஆண்டுவரை சிறை உண்டு. சொத்தும் பறிமுதலாகும்.

7. "தவறுதலாக உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்ற அழைப்பு. அந்தப் பணத்தைச் செலவு செய்யாமலும், சொன்ன எண்ணுக்கு அனுப்பாமலும், உடனே உங்கள் வங்கிக் கிளைக்குச் சென்று எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வந்த வழியே திருப்புவது வங்கியின் வேலை.

சபைகளும் அறக்கட்டளைகளும்

அறக்கட்டளைகளும் சங்கங்களும் சலவைக்காரர்களின் பார்வையிலிருந்து தப்புவதில்லை. நற்பணி என்ற பெயருக்கு மரியாதை உண்டு. கேள்வி கேட்பவர் குறைவு. ஒருவரும் அறியாத ஒருவர் வந்து, "20 இலட்சம் நன்கொடை தருகிறேன், 2 இலட்சத்தைக் கட்டடப் பணிக்கு வைத்துக்கொண்டு, மீதியை நான் சொல்லுகிறவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னால், பொருளாளர் அந்த நிமிடமே மறுத்துவிட வேண்டும். கட்டடம் பாதியில் நிற்கிற நாளில் இந்த வார்த்தை இனிமையாக ஒலிக்கும். ஆனால் தொகையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கேட்கிறவர் கொடுப்பது நன்கொடை அல்ல. சலவைக்குப் போடும் துணி.

இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வரவுகளை வங்கிகள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கின்றன. வெளிநாட்டு நன்கொடையானால், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்று, 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையிலுள்ள கணக்கில் மாத்திரமே பெற வேண்டும். அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஊழியரின் சொந்தக் கணக்கையும் பொதுக் கணக்கையும் கலக்காமல், இருவர் கையெழுத்தோடு, ரசீதும் ஆண்டுத் தணிக்கையும் வைத்திருப்பதே பாதுகாப்பு. உண்மையுள்ள பொருளாளரை அது சந்தேகிப்பதாக ஆகாது. அவருடைய நற்பெயருக்கு அது வேலியாயிருக்கும்.

சட்டத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவோர்

இந்தக் குற்றத்தைப் பற்றிய பயத்தையே மூலதனமாக்கி மற்றொரு வஞ்சகம் நடக்கிறது. "உங்கள் ஆதார் எண்ணில் திறக்கப்பட்ட கணக்கின்மூலம் சட்டவிரோதப் பணப்பரிமாற்றம் நடந்துள்ளது. நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டுள்ளீர்கள். காணொளியைத் துண்டிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சீருடையணிந்த ஒருவன் கைபேசியில் தோன்றுவான். பின்னால் காவல் நிலையம்போல் அலங்காரம் இருக்கும். "சரிபார்ப்பதற்காக" உங்கள் சேமிப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வான்.

இந்தியச் சட்டத்தில் "டிஜிட்டல் கைது" என்பது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தமது வானொலி உரையில் இதை எடுத்துரைத்து எச்சரித்தார். எந்த விசாரணை அதிகாரியும் காணொளியில் கைது செய்வதில்லை. பணத்தை மாற்றச் சொல்வதுமில்லை. அமலாக்கத் துறையின் அழைப்பாணை உண்மையானதா என்று பார்க்க, அதிலுள்ள கியூ.ஆர். குறியீட்டின் மூலம் துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கும் வசதி 2025இல் செய்யப்பட்டுள்ளது. வீட்டில் தனியே இருக்கும் முதியோருக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள். பயமுறுத்துகிறவன் முதலாவது செய்வது நம்மைத் தனிமைப்படுத்துவதே. பக்கத்து அறையிலிருப்பவரைக் கூப்பிட்டாலே அவனுடைய வலை பாதி அறுந்துபோகும்.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டிருந்தால்?

இதை வாசிக்கிற யாராவது ஏற்கெனவே தம் கணக்கை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுவே: மறைக்காதீர்கள், தாமதிக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சென்று அட்டையையும் இணையவழிப் பரிமாற்றத்தையும் நிறுத்தும்படி எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். காவல் நிலையத்தின் இணையக் குற்றப் பிரிவில் நடந்ததை நடந்தபடி எழுத்தில் கொடுங்கள். அந்த நபரோடு பேசிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்; அவையே உங்களுக்குச் சாட்சி. ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள். கணக்கு முடக்கப்பட்டால், எந்தக் காவல் நிலையத்தின் எந்தப் புகாரின்பேரில் முடக்கப்பட்டது என்ற விவரத்தை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். தானாக முன்வந்து சொல்லுகிறவருடைய வார்த்தைக்கும், பிடிபட்டபின் சொல்லுகிறவருடைய வார்த்தைக்கும் உள்ள எடை வேறு.

மோசடியில் பணத்தை இழந்தவர்கள் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் இரண்டாம் மூன்றாம் கணக்குக்குத் தாவுமுன் தகவல் கிடைத்தால், வழியிலேயே அதை நிறுத்த வாய்ப்பு உண்டு.

வீடுகளில் பேசுங்கள்

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை ஊரைவிட்டு நகரத்துக்குப் புறப்படும்போது பல புத்திமதிகளைச் சொல்லி அனுப்புகிறீர்கள். கெட்ட சகவாசம் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு, வாரத்துக்கு ஒருமுறை பேசு என்கிறீர்கள். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "உன் கணக்கும் உன் கையெழுத்தும் உன் பெயரைப் போன்றவை; அவற்றை யாருக்கும் இரவல் கொடாதே." நகரத்தில் மூத்தவர்களாக இருப்போரே, புதிதாய் வந்த வாலிபருக்கு அவசரத் தேவை வரும்போது அவர்கள் முதலாவது நாடிவரக்கூடியவர்களாக நீங்கள் இருங்கள். ஒரு மாத அறை வாடகைக்கு வழியில்லாத நாளில்தான் தேநீர்க்கடைக்காரரின் நண்பர் நல்லவராகத் தோன்றுகிறார். அந்த நாளில் நம்மில் ஒருவர் அவனுக்குக் கைகொடுத்தால், ஒரு குடும்பம் பல ஆண்டுக் கண்ணீரிலிருந்து தப்பும்.

பணம் எவ்வளவு என்று கேட்கிற உலகத்தில், பணம் எங்கிருந்து என்று கேட்கப் பழகுவோம். அந்த ஒரு கேள்வியை முதலில் நம்மிடமும், பின்பு நம்மை நாடிவருகிறவரிடமும் கேட்டால், அழுக்குப் பணம் நம் வாசலிலேயே நின்று திரும்பிப்போகும்.